நோர்த் பிளற் நிலையத்திற் பத்து நிமிடம்

ஐக்கிய அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள நெப்ராஸ்கா மாநிலத்தில், பரந்த சமவெளிகளினிடையே நோர்த் பிளற் என்னும் ஊர் அமைந்துள்ளது. 1941ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்தோர் ஏறக்குறைய 12,000 பேரேயாவர். யூனியன் பசிபிக் புகையிரதப் பாதையில் அமைந்திருந்தமையால், நீராவி இயந்திரங்களுக்கு நீர் நிரப்புதற்கும் சக்கரங்களுக்கு எண்ணெயிடுதற்கும் வண்டிகள் அங்கே தரித்துச் செல்லும். அத்தரிப்பு பத்து நிமிடமளவே நீடிக்கும். அச்சிறு பொழுதினுள் அவ்வூரார் ஆற்றிய தொண்டே அவ்வூருக்கு வரலாற்றில் ஓரிடத்தைத் தேடித் தந்தது.

1941 டிசெம்பர் 7ஆந் திகதி யப்பானிய விமானங்கள் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கின. அமெரிக்கா போரிற் புகுந்தது. பத்து நாட்கள் கழிந்தபின், நெப்ராஸ்காவின் தேசியக் காவற்படையைச் சேர்ந்த 'டி' அணி அவ்வழியாற் செல்லவிருக்கிறதென்ற செய்தி நோர்த் பிளற்றிற் பரவியது. அவ்வணியில் அவ்வூர் இளைஞர் பலர் இருந்தனர். நத்தார்ப் பண்டிகை நெருங்கிய காலமாதலால், பெற்றோரும் உற்றாருமாக 500 பேரளவிற் பண்டங்களும் பரிசுகளும் ஏந்தியவராய் நிலையத்திற் குழுமினர்.

வண்டி வந்தது. அதில் வந்ததும் 'டி' அணியே; ஆனால், அது கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த 'டி' அணி! யன்னல்களிற் தோன்றிய முகங்களுள் ஒன்றேனும் அறிந்த முகமன்று. கையிலிருந்த பொதிகளோ தம் மக்களுக்கென்று பார்த்துப் பார்த்துக் கட்டியவை. அவற்றை வீட்டிற்கு மீட்டுக் கொண்டு சென்றிருந்தாலும் அவரைக் குறை கூறுவார் எவருமிலர். கூட்டம் சிறிது நேரம் திகைத்து நின்றது. பின்னர் அப்பொதிகள் ஒவ்வொன்றாக அந்த அந்நிய இளைஞரின் கைகளுக்கு மாறின.

அன்று தன் சகோதரனைக் காண வந்து ஏமாந்தவர்களுள் றே வில்சன் என்னும் இளம்பெண்ணும் ஒருத்தி. மருந்துக் கடையொன்றிற் பணி புரிந்த அவள், உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினாள். அன்று தற்செயலாக நிகழ்ந்ததை ஏன் ஒவ்வொரு படைவண்டிக்கும் செய்தலாகாது என்பதே அவள் எழுப்பிய வினா. ஊரார் இசைந்தனர். நத்தார் தினமாகிய டிசெம்பர் 25ஆந் திகதி இரவு வந்த படைவண்டிக்கு முதல் விருந்து அளிக்கப்பட்டது.

அன்று தொடங்கிய உபசரிப்பு நத்தாரோடு முடிந்துவிடவில்லை. படைவண்டிகளின் போக்குவரத்து மறைவாகக் காக்கப்படவேண்டிய செய்தியாதலால், கோப்பிப் பாத்திரம் அடுப்பிலிருக்கிறது என்னும் குறிப்புமொழியால் வண்டியின் வரவு தொண்டர்களுக்கு அறிவிக்கப்பட்டது. வண்டி நின்றதும் இளைஞர் இறங்கி ஓடிவருவர். சூடான கோப்பி, இறைச்சி வைத்த பாண், அவித்த முட்டை, பால், பழம் ஆகியன அவர்களுக்காகக் காத்திருக்கும். பிறந்தநாள் கொண்டாடுவோன் ஒருவன் இருப்பின் அவனுக்கு ஒரு கேக்கும் கிடைக்கும். ஒருவரும் காசு வாங்கியதில்லை.

இவை சிறு பொருள்கள் என எண்ணுவோர், அக்காலத்து நிலையை நோக்குதல் வேண்டும். 1942 முதல் சீனியும், கோப்பியும், பின்னர் இறைச்சியும் வெண்ணெயும் பங்கீட்டு முறையில் வந்தன. பெற்றோலுக்கும் கட்டுப்பாடு இருந்தது. குடும்பங்கள் தம் பங்கிலிருந்தே சீனியை மிச்சம் பிடித்து கேக் சுட்டன. கமக்காரர் தம் வயற்புறங்களில் வேட்டையாடிய காட்டுப் பறவைகளின் இறைச்சி பாணிடை வைக்கப்பட்டது. சிறுவன் ஒருவன் தான் அணிந்திருந்த சட்டையையே ஏலத்தில் விற்றுப் பணம் சேர்த்தான். அரசாங்கம் இத்தொண்டிற்குப் பணம் ஒதுக்கவில்லை. சனாதிபதி ரூஸ்வெல்ற் தம் சொந்தப் பணத்தில் ஐந்து டொலர் அனுப்பினார். சுற்றுவட்டாரத்திலிருந்த 125 வரையான ஊர்கள் முறைவைத்துப் பொறுப்பேற்றன. தொண்டு செய்தோர் தொகை 55,000 என்பர்.

தொண்டு செய்தோர் துயரமற்றோருமல்லர். மகனைப் போரிற் பறிகொடுத்த தாயொருத்தி, சில நாட்களின் பின் மீண்டும் அந்நிலையத்திற்கு வந்து நின்றாள். தன் மகனுக்கு இனி உதவ இயலாது. பிறர் மக்களுக்கு உதவலாமன்றோ என்பதே அவளது எண்ணமாயிருந்தது. அமெரிக்கப் படையில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் வெவ்வேறு அணிகளாகப் பிரிக்கப்பட்டிருந்த அக்காலத்தில், கறுப்பினப் படைவீரரும் அங்கே உபசரிக்கப்பட்டனர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

1946 ஏப்ரில் 1ஆந் திகதி அத்தொண்டு நிறைவெய்தியது. அதற்குள் ஏறக்குறைய 60 இலட்சம் படையினர் அங்கே உபசரிக்கப்பட்டிருந்தனர். நிலையக் கட்டடம் 1973இல் இடிக்கப்பட்டது.

அந்தத் தாய்மார் கோப்பி ஊற்றிக் கொடுத்தவர்களுள் எவர் வீடு திரும்பினர், எவர் கடல் கடந்த மண்ணிற் துயில்கின்றனர் என்பதை அவர்கள் பெரும்பாலும் அறிந்ததேயில்லை. பெற்றவர் பெயரைக் கொடுத்தவர் கேட்கவும், கொடுத்தவர் பெயரைப் பெற்றவர் கேட்கவும் அந்தப் பத்து நிமிடத்தில் நேரம் இருக்கவில்லை. ஆயினும், போர்முனையிலிருந்து அவ்வூருக்கு நன்றிக் கடிதங்கள் வந்துகொண்டேயிருந்தன. அதற்கெல்லாம் தொடக்கம், தம் பிள்ளைகளைக் காணாது திகைத்து நின்ற பெற்றோர், பிறர் பிள்ளைகளை நோக்கிக் கைநீட்டிய அந்த ஒரு கணமேயாகும்.