மேரியன் ஈம்ஸ்: வெல்ஷ் மொழியின் வரலாற்றுப் புதின ஆசிரியர்

வரலாற்றுப் புதினம் என்றவுடன் அரியணையும் போர்க்களமும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆனால் அரசை இழந்ததோடு வழக்குமன்றத்தில் தன் மொழிக்குரிய இடத்தையும் இழந்த ஒரு சிறிய நாட்டின் எழுத்தாளர் வரலாற்றை எங்கே தேடுவார்? இவ்வினாவிற்குத் தம் படைப்புகளால் விடை தந்தவர் வேல்ஸ் நாட்டுப் புதின ஆசிரியர் மேரியன் ஈம்ஸ் (1921-2007) ஆவார்.

காலப் பின்னணி

வேல்ஸின் இளவரசர் லெவெலின் ஆப் கிரிஃபித் 1282இல் கொல்லப்பட்டதும் அந்நாடு இங்கிலாந்தின் ஆளுகைக்குள் வந்தது. 1536ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலத்தையே வழக்குமன்ற மொழியாக்கியது. மக்கள் நாவிலும் வழிபாட்டிலும் வெல்ஷ் மொழி நிலைத்து நின்றதாயினும், இருபதாம் நூற்றாண்டில் அதன் தேய்வு விரைவுற்றது. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அம்மொழி பேசுவோர் நூற்றுக்கு 26 பேர். 1971இல் ஏறத்தாழ 21 பேர். 1962 பிப்ரவரியில் சாண்டர்ஸ் லூயிஸ் என்னும் எழுத்தாளர் மொழியின் தலைவிதி பற்றி வானொலியில் ஆற்றிய உரை நாட்டையே உலுக்கியது. இந்த நெருக்கடிக் காலத்தில்தான் ஈம்ஸ் எழுத வந்தார் என்பது நோக்கத்தக்கது.

வாழ்வும் பணியும்

இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் நகரில் வெல்ஷ் பெற்றோருக்கு மகளாகப் பிறந்த ஈம்ஸ், நான்கு வயதிலிருந்து வேல்ஸின் டோல்கெத்லை என்னும் சிற்றூரில் வளர்ந்தார். நூலகப் பணி, நாட்டுக் கட்சியின் அமைப்புப் பணி, உள்ளூர் இதழாசிரியப் பணி எனப் பல துறைகளில் உழைத்தார். லண்டனில் இசையும் பயின்றார். பின்னர்க் கார்டிஃப் நகரில் பி.பி.சி. வானொலி நிகழ்ச்சித் தயாரிப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். அவருடைய முதல் புதினம் 1969இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 48.

மறைவான அறை

'மறைவான அறை' எனப் பொருள்படும் 'அ ஸ்டாவெத் தீர்கெல்' என்னும் அம்முதல் புதினம், பதினேழாம் நூற்றாண்டில் டோல்கெத்லைப் பகுதியில் வாழ்ந்த குவேக்கர் சமயத்தாரின் வரலாறு. குவேக்கர்கள் வழக்குமன்றத்தில் சத்தியம் செய்ய மறுத்தவர்கள். திருச்சபைக்குரிய பத்திலொரு பங்கைச் செலுத்த மறுத்தவர்கள். எவர் முன்னும் தொப்பியைக் கழற்ற மறுத்தவர்கள். இவற்றுக்காக அவர்கள் சிறைப்பட்டனர், பொருள்களையும் இழந்தனர். 'பெருங்குன்று' எனப் பொருள்படும் பிரின் மௌர் பண்ணையின் உரிமையாளர் ரோலண்ட் எல்லிஸ் இக்கதையின் தலைவர். அவர் வரலாற்று மாந்தர்.

இப்புதினத்தில் வாள் வீச்சைவிட மனச்சான்றின் போராட்டமே மிகுதி. கணவன் ஏற்ற புதிய நெறியை மனைவி ஏற்க இயலாது தவிக்கும் இல்லறத் துயரையும் ஈம்ஸ் ஒதுக்கவில்லை. கொள்கைக்காகத் துன்புறுவோரைப் போற்றும் வரலாறு, அவரோடு வாழ நேர்ந்தவரின் துன்பத்தை மறந்துவிடுவதுண்டு. அம்மறதியை ஈடுசெய்வது புதினத்தின் கடமை என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

கடல் கடந்த கனவு

1972இல் வந்த 'அ ஹ்ரான்திர் முயின்' இவ்வரலாற்றின் தொடர்ச்சி. அமெரிக்காவில் பென்சில்வேனியா நிலப்பகுதிக்கு 1681இல் அரச உரிமை பெற்ற வில்லியம் பென்னிடமிருந்து, வெல்ஷ் குவேக்கர்கள் 40,000 ஏக்கர் நிலத்தை எதிர்பார்த்துச் சென்றனர். அங்குத் தம் மொழியில் தம்மைத் தாமே ஆண்டுகொள்ளலாம் என நம்பினர். அந்நம்பிக்கை பொய்த்தது. நிலப்பகுதி வெவ்வேறு மாவட்டங்களுக்குள் பிரிந்தது, தன்னாட்சி கைகூடவில்லை. சமயம் பிழைத்தது, மொழி தேய்ந்தது.

இத்தேய்விற்கு ஒரு நூலின் வரலாறே சான்று. அமெரிக்காவில் அச்சான முதல் வெல்ஷ் நூல், எல்லிஸ் பியூ எழுதிய சமயநூல், 1721இல் பிலடெல்பியாவில் வெளிவந்தது. ஆறே ஆண்டுகளில், 1727இல், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. மொழிபெயர்த்தவர் வேறெவருமல்லர், பிரின் மௌர் ரோலண்ட் எல்லிஸே! தம் மொழியோடு வாழக் கடல் கடந்தவரே முதுமையில் அம்மொழி நூலை ஆங்கிலமாக்கித் தர நேர்ந்தது. இன்று பிலடெல்பியாவை அடுத்த ஊர் ஒன்றும், 1885இல் தொடங்கிய புகழ்பெற்ற பெண்கள் கல்லூரியும் பிரின் மௌர் என்றே வழங்குகின்றன. பெயர் நிலைத்தது, அதன் பொருளை அறிந்து பேசுவோர் அங்கு நிலைக்கவில்லை.

பிற படைப்புகள்

1978இல் வெளிவந்த 'இ ஹெலா க்னை', பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிழைப்புத் தேடி வட வேல்ஸிலிருந்து பர்க்கன்ஹெட் சென்ற எளியோரின் கதை. தாம் பிறந்த நகரின் வரலாற்றையே ஈம்ஸ் இங்குப் புதினமாக்கினார். லெவெலினின் வீழ்ச்சிக்கு எழுநூறு ஆண்டுகள் நிறைந்த 1982இல், அக்காலத்தைக் களமாகக் கொண்ட 'அ கையவ் சித் இனிக்' வெளிவந்தது. அரசரின் காலத்தை அவர் எழுதியது, குடிமக்களின் வரலாற்றை எழுதி முடித்த பின்னரே என்பது குறிப்பிடத்தக்கது. அவருடைய குவேக்கர் புதினங்கள் இரண்டும் ஆங்கிலத்திலும் வெளிவந்தன.

முடிவாக

ஈம்ஸ் காட்டும் வரலாற்றில் வெளியேறியோரும் உண்டு, தங்கியோரும் உண்டு. இவருள் எவரையும் அவர் பழிக்கவில்லை. கடல் கடந்தோர் மலைக்கும் ஊருக்கும் தம் மொழியில் பெயர் சூட்டினர். ஆனால் பெயர்ப்பலகையில் மட்டும் ஒரு மொழி உயிர்வாழ இயலாது. அவர்களது கதை, முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், அவர்கள் விட்டுச் சென்ற டோல்கெத்லையில் வளர்ந்த ஒரு பெண்ணால், அவர்கள் பேசிய அதே மொழியில் எழுதப்பெற்றது. பிரின் மௌர் என்னும் சொல் மீண்டும் 'பெருங்குன்று' என்னும் பொருளோடு ஒலித்தது அப்பக்கங்களில்தான் எனலாம்.