கையும் குரலும்

ஓசூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பையன் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். இரண்டாவது ஷிப்டு முடிந்து நடுநிசிக்குக் கொஞ்சம் முன்னால் வருவான். சாப்பிட்டுக் கை கழுவியதும் கிதாரை எடுப்பான். அவன் விரல்கள் ஓடும் ஓட்டத்தைக் கேட்டால், ஜூஜூவாடி எல்லையைத் தாண்டிப் பெங்களூருக்குப் பறக்கும் லாரிகள்கூட வெட்கப்படும். அவனுடைய பாட்டி எழுந்து போய் உள் கதவைச் சாத்திக்கொள்வாள். அந்தச் சத்தமும் எனக்குக் கீழே கேட்கும்.

ஒரு நாள் காலையில் இறங்கி வந்தான். "சார், கிதாரை வித்துடலாமான்னு பாக்கறேன்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருஷமாய் ஞாயிறு தவறாமல் அத்திப்பள்ளி வழியாகப் பஸ் பிடித்துப் பெங்களூர் போய்க் கற்றுக்கொண்டவன் அவன்.

"வேகம் வந்துடுச்சு சார். ஆனா தனியா வாசின்னு விட்டா, என்ன வாசிக்கறதுன்னு தெரியல. விரல் அதும் பாட்டுக்கு ஓடுது. ஓடி முடிஞ்சதும் எனக்கே அலுப்பா இருக்கு."

நான் கதை எழுதிப் பிழைப்பவன். சங்கீதத்தில் எனக்குள்ள பாத்தியதை சபாவின் கடைசி வரிசை வரைக்கும்தான். ஆனால் அவன் கடைசியாகச் சொன்ன வார்த்தை என் தொழிலிலும் உண்டு. பேனா தன்பாட்டுக்கு ஓடி, படித்துப் பார்க்கும்போது எனக்கே கொட்டாவி வந்த பக்கங்கள் எத்தனையோ! ஆகவே புத்திமதி சொல்லாமல் ஒரு கதை சொன்னேன். நடந்த கதை.

ஆந்திராவில் மேற்கு கோதாவரிப் பக்கம் பாலகொல்லு என்று ஓர் ஊர். அங்கே 1969-இல் பிறந்த ஸ்ரீநிவாஸ் என்ற குழந்தை, ஆறு வயதில் அப்பாவின் மாண்டலினை எடுத்து மீட்டத் தொடங்கியது. அப்பா சத்தியநாராயணா கிளாரினெட் வாசிப்பவர். பிள்ளையின் கையைப் பார்த்துவிட்டு அவனுக்கென்று ஒரு மாண்டலின் வாங்கிக் கொடுத்தார். தமக்குக் கற்றுக்கொடுத்த ருத்ரராஜு சுப்பராஜுவிடமே அவனையும் ஒப்படைத்தார்.

இங்கேதான் வேடிக்கை. அந்தக் குருவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது! அவர் வாயால் பாடுவார். பையன் கேட்டு, அதைத் தந்தியில் தேடிப் பிடிக்க வேண்டும். எந்த மெட்டில் எந்த விரல் என்று சொல்லித் தர ஆள் கிடையாது. மாண்டலினோ குட்டையான வாத்தியம். இரட்டை இரட்டையாக நான்கு ஜோடித் தந்திகள், முறுக்கேறி நிற்பவை. மீட்டிய நாதம் கண் சிமிட்டுவதற்குள் செத்துவிடும். அதில் தோடியின் காந்தாரத்தை எங்கே அசைப்பது? ஜோடிகளை எடுத்துவிட்டு ஒற்றைத் தந்திகளாக ஐந்து போட்டு, மின்சாரத்தின் துணையால் நாதத்தை நீட்டி, அந்தக் குரலை அதில் கொண்டுவந்தார் ஸ்ரீநிவாஸ். 1978-இல் குடிவாடாவில், தியாகராஜ ஆராதனையில், முதல் கச்சேரி. 1981-இல் சென்னை டிசம்பர் சீசன். மேல்நாட்டு வாத்தியத்தில் கர்நாடக சங்கீதமா என்று புருவத்தை நெரித்தவர்கள் இருந்தார்கள். பாலுசாமி தீட்சிதர் வெள்ளைக்காரரின் வயலினை எடுத்துக்கொண்டபோது மட்டும் நெரிக்காமலா இருந்திருப்பார்கள்?

"அவருக்கும் வேகம் உண்டே சார்" என்றான் பையன்.

உண்டு, மின்னல் வேகம். ஆனால் அந்த வேகத்திலும் ஒவ்வொரு ஸ்வரமும் பாடப்பட்ட ஸ்வரம். முதலில் வாய் கேட்டது, அப்புறம் கை கொடுத்தது. நம் பையனுக்கோ கை கொடுத்துக்கொண்டே இருக்கிறது. வாய் ஒன்றும் கேட்கவில்லை.

கிதாரிலேயே அத்தாட்சி உண்டு. அமெரிக்காவில் மிஸிஸிப்பியில் 1925-இல் பிறந்த பி. பி. கிங், பருத்திக்காட்டில் உழைத்தவர், மாதா கோயிலில் பாடியவர். தந்தியின் மேல் குழாயை வழுக்கவிட்டு வாசிக்கும் வித்தை அவருக்குக் கைவரவில்லை. அந்த அழுகையை எப்படியாவது கொண்டுவர வேண்டுமே என்று, விரலாலேயே தந்தியைத் தள்ளி நடுங்க வைத்தார். பாடிக்கொண்டே வாசிக்கவும் தமக்கு வராது என்பார். ஒரு வரி பாடுவார், நிறுத்துவார், அடுத்த வரியைக் கிதார் பாடும். வராத இரண்டு விஷயங்களிலிருந்து ஒரு பாணியே பிறந்துவிட்டது! நாலைந்து ஸ்வரங்களுக்கு மேல் அவர் அவசரப்படுவதும் இல்லை.

தந்தியைப் பக்கவாட்டில் இழுப்பது வீணைக்காரர்களுக்குப் பழைய சமாசாரம். ஜான் மெக்லாஃப்லின் என்ற ஆங்கிலேயக் கிதார்க்காரர் அமெரிக்காவில் நம் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார். பிறகு 'சக்தி' குழுவில் வாசித்தபோது, தம் கிதாரின் மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கிக்கொண்டார், தந்தி தாராளமாக வளையட்டும் என்று. பின்னாளில் அவரும் ஸ்ரீநிவாஸும் ஒரே மேடையில் உட்கார்ந்தார்கள். இழுக்கிற தந்தி எங்கே நிற்க வேண்டும் என்பதை மெட்டு சொல்லாது. காதுதான் சொல்ல வேண்டும். கட்டுப்பாடு என்று பையன் விரலில் தேடியது அங்கே இருக்கிறது.

"சரி சார், தினம் எடுக்கணும்னு தோணணுமே?"

அதற்கு வீணை தனம்மாளைச் சொன்னேன். 1867-இல் பிறந்து 1938-இல் மறைந்தவர். ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். மிருதங்கம் கிடையாது, மெல்லிய நாதம், கூடியிருப்பவர்கள் மூச்சுவிடுவதிலும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பிற்காலத்தில் பார்வை போயிற்று. வெள்ளிக்கிழமை போகவில்லை. உற்சாகம் வரட்டும் என்று அந்த அம்மாள் காத்திருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கிழமை வந்தது, கேட்கச் சிலர் வந்தார்கள், வாசித்தார்.

ஸ்ரீநிவாஸ் 2014 செப்டம்பரில், நாற்பத்தைந்தே வயதில், போய்விட்டார் என்றதும் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவன் வீட்டிலும் தெலுங்குதான். எங்கள் ஊரில் மூன்று பாஷையும் ஒரே தெருவில் புழங்கும். "பாட்டி ஏதாவது பாடுவாளா?" என்று கேட்டேன். "தாலாட்டு பாடும். இப்ப எதுக்கு சார்?" என்றான்.

கிதாரை விற்றானா என்று நான் விசாரிக்கவில்லை. பத்து நாள் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு ராத்திரி அவன் முனகுவது கேட்டது. ஒரே தந்தியில் நாலு ஸ்வரம். மூன்றாவது கொஞ்சம் தாழ்ந்து நின்றது. மறுபடி முனகினான், மறுபடி இழுத்தான். முக்கால் மணி நேரம் அதே நாலு ஸ்வரம். எனக்கு எழுத்து ஓடவில்லை. மாடியில் கதவு சாத்தும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்; அது வரவில்லை. பாட்டி தூங்கிப்போய்விட்டாளோ, என்னவோ.