தோட்டமும் உழைப்பும் உடல் எடையும்: செங்கல்பட்டு வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

உடல் எடையைக் குறைக்க விரும்புவோரிடம் 'முன்னோரைப்போல் உண்டு, முன்னோரைப்போல் உழையுங்கள்' என அறிவுறுத்தும் வழக்கம் இன்று பரவியுள்ளது. புதிய காய்கறியும் உடலியக்கமும் எடையைச் சீராக்க உதவும் என்பதில் ஐயமில்லை. ஆயின் முன்னோருள் தோட்டம் உடையவர் எவர், உழைத்தவர் எவர் என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. செங்கல்பட்டு வட்டாரத்தின் கல்வெட்டு, காலனிய ஆவணம், அண்மைக்கால மருத்துவ ஆய்வு ஆகியவற்றைக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: செங்கல்பட்டு, உடல் எடை, தோட்ட வாரியம், பஞ்ச நிவாரணம், உடலுழைப்பு, சூணாம்பேடு

குன்றைச் சுற்றும் நடை

சிங்கப்பெருமாள் கோயிலில் பாடலாத்ரி நரசிம்மரின் கருவறை குன்றிலேயே குடையப்பட்டது. ஆகவே இறைவனை வலம்வர விரும்புவோர் குன்றையே சுற்றி நடக்கவேண்டும். பல்லவர் காலக் குடைவரையின் அமைப்பு அடியவர்க்குத் தந்த கட்டாயம் இது. இந்நடையை 'முன்னோர் வகுத்த உடற்பயிற்சி' என விளக்கும் போக்கு அண்மையில் தோன்றியுள்ளது. வழிபாட்டுக்காக நடந்தவர்கள் எடைக்காக நடக்கவில்லை. எடையைக் குறைப்பதற்கென்றே நடப்பதற்கு முதலில் மிகுதியான எடை வேண்டும். நாளின் ஒரு பகுதியை உட்கார்ந்து கழிக்கும் வாழ்வும் வேண்டும். அத்தகைய வாழ்வு முற்காலத்தில் மிகச் சிலர்க்கே வாய்த்தது.

அச்சிலரை மருத்துவ நூல்கள் அறிந்திருந்தன. சரக சங்கிதையின் சூத்திரத்தானம் மிகைப் பருமனை நிந்தைக்குரிய எட்டு உடல்நிலைகளுள் ஒன்றாக வைத்து, உடற்பயிற்சியின்மை, பகலுறக்கம், இனிப்பும் கொழுப்பும் மிகுந்த உணவு ஆகியவற்றை அதன் காரணங்களாகக் கூறுகிறது. திருக்குறளின் மருந்து அதிகாரம் முன்னுண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணுமாறு வற்புறுத்துகிறது. பகலில் உறங்க இயன்றவனையும் மிகுதியாக உண்ண வாய்ப்புள்ளவனையும் நோக்கிய அறிவுரைகள் இவை எனக் கருத இடமுண்டு.

தோட்ட வாரியம்

முன்பு செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) சம்வத்சர வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றோடு தோட்ட வாரியத்தையும் குறிப்பிடுகின்றன. தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவரும் ஏரி வாரியத்திற்கு அறுவரும் குடவோலை முறையில் தெரிந்தெடுக்கப்பட்டனர். குடவோலை முறையைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். தோட்டத்தைப் பற்றி எழுதப்பட்டவை குறைவு. ஓர் ஊரவை தன் தோட்டங்களுக்கெனத் தனி வாரியம் அமைத்து, அதில் ஏரி வாரியத்தைப்போல் இருமடங்கு உறுப்பினரை அமர்த்தியது என்றால், அவ்வூர்ப் பொருளியலில் தோட்ட விளைபொருள் பெற்றிருந்த இடம் சிறிதன்று.

ஆனால் வாரியத்தில் அமரக் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் வேண்டும். வேதக்கல்வியும் தகுதியாக விதிக்கப்பட்டது. தோட்டத்தை ஆண்டவரை இவ்வாறு கல்வெட்டு துல்லியமாக வரையறுக்கிறது. அத்தோட்டத்திற்கு நீர் இறைத்தவரைப் பற்றி அது பேசவில்லை.

அம்மௌனம் கலைய ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆயின. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ஜே.எச்.ஏ. திரமென்கீர் 1891இல் இம்மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். நிலமின்மை, குடியிருக்கும் மனைமீதுகூட உரிமையின்மை, கடனால் பிணைக்கப்பட்ட பண்ணையுழைப்பு ஆகியவற்றை அது பதிவுசெய்தது. அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30ஆம் நாளிட்ட வருவாய்த்துறை அரசாணை எண் 1010 பிறந்தது. பஞ்சமி நிலம் என இன்று வழங்குவது அதன் வழி வந்ததே. மனையே தனதல்லாதவன் கொல்லையில் அவரைப் பந்தல் போடுவது எவ்வாறு? காய்கறி உண்பது தனிமனிதர் விருப்பம் என்று எழுதும் நலவாழ்வு நூல்கள் இவ்வினாவைக் கடந்து செல்கின்றன. மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் 1994இல் நிகழ்ந்த பஞ்சமி நில மீட்புப் போராட்டமும் துப்பாக்கிச் சூடும் இவ்வினா நூறாண்டுக்குப் பின்னும் முடியவில்லை என்பதற்குச் சான்றாகும்.

பஞ்சத்தில் அளக்கப்பட்ட உடல்

உழைப்பையும் உணவையும் எண்களால் அளந்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் அரசுமுறை இப்பகுதியில் அறிமுகமானது எடைக்குறைப்புக்காக அன்று. 1876–78 பெரும்பஞ்சத்தில் நிவாரணப் பணியாளர் கூலியைக் குறைக்கவேண்டி, இந்திய அரசின் சார்பில் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள் 1877 சனவரியில் ஆண் ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் ஈடான கூலியைப் பரிந்துரைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ.ஆர். கார்னிஷ் அதனைக் கடுமையாக எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமும், அதனுடன் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்பது அவர் வாதம். எதிர்ப்பின் விளைவாக அவ்வாண்டின் நடுப்பகுதிக்குள் கூலி உயர்த்தப்பட்டது.

ஒரு பவுண்டு அரிசி தருவது சுமார் 1,600 கலோரி. கடும் உழைப்பில் ஈடுபடும் ஆணுக்கு நாள்தோறும் 3,470 கலோரி தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுக் கணிப்பு. தானியத்தை மட்டும் கொண்டு பார்த்தால், மண் வெட்டியவர்க்குக் கிடைக்கவிருந்தது தேவையில் பாதிக்கும் குறைவு. இக்கால எடைக்குறைப்பு உணவுப் பட்டியல்கள் பலவும் ஏறத்தாழ இதே அளவையே பரிந்துரைக்கின்றன என்பது நெஞ்சை உறுத்தும் ஒற்றுமை. கோவளம், மாமல்லபுரம் வழியே மரக்காணம் நோக்கிச் செல்லும் பக்கிங்காம் கால்வாயின் சென்னை நகர இணைப்புப் பகுதி 1877–78இல் பஞ்ச நிவாரணப் பணியாகவே வெட்டப்பட்டது. மெலிந்த முன்னோரைப் புகழ்ந்து எழுதுவோர் அக்கால்வாய்க் கரையையும் நினைவிற் கொள்ளவேண்டும். பூசினாற்போன்ற உடலை நம் மக்கள் செழிப்பின் அடையாளமாகக் கண்டதற்கு இப்பின்னணியும் ஒரு காரணம். அதனை அறியாமை என ஒதுக்குவது பொருந்தாது.

வயலோரத்துத் தொழிற்சாலை

இவ்வட்டாரத்தில் உட்கார்ந்து வாழும் கற்றோர்க்கெனத் தமிழில் நலவாழ்வு நூல் எழுதியவர் மறைமலையடிகள். அன்று செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்த பல்லாவரத்தில் வாழ்ந்த அவர், 'மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை' என்னும் நூலில் உணவையும் அன்றாட ஒழுக்கத்தையும் விரிவாகப் பேசினார். மரக்கறி உணவை வலியுறுத்தினார். அவர் பெயர் தாங்கிய மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயிலுக்கு வடக்கே, பின்னாளில் கார்த் தொழிற்சாலைக்குப் பெயர்பெற்ற நகரானது விந்தையே.

தொழிற்சாலைகளும் 2002இல் தொடங்கப்பெற்ற மகேந்திரா உலக நகரமும் ஒரகடம் சாலையும் இவ்வட்டாரத்தின் உழைப்பை வயலிலிருந்து வேறிடத்திற்கு மாற்றின. கடலோரத்தில் சவுக்குத் தோப்புகளும் மனைப்பிரிவுகளும் பெருகின. மதுராந்தகம், செய்யூர்ப் பகுதிகளின் தர்ப்பூசணி கோடையில் நெடுஞ்சாலையோரம் குவிகிறது. ஆயின் ஆண்டு முழுதும் உண்ணும் காய்க்குச் சந்தையையே நம்பவேண்டியுள்ளது. 1999இல் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டம் விளைவிப்போரையும் உண்போரையும் நேரடியாக இணைக்க முயன்றது. எனினும், சென்னை நகர்ப்புற ஊரக நோய்ப்பரவல் ஆய்வு (க்யூர்ஸ்) நகர மக்களின் கலோரியில் ஏறத்தாழப் பாதி தீட்டிய தானியத்திலிருந்து வருவதையும், காய்கனி உட்கொள்ளல் நாளொன்றுக்கு 265 கிராம் அளவிலேயே நிற்பதையும் காட்டியது. உலக நலவாழ்வு அமைப்பின் பரிந்துரை 400 கிராம். ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37.0 விழுக்காட்டினரும் மிகை எடையுடையவர்கள்.

எடைக்கருவி காட்டாதது

இச்சூழலில் இம்மண்ணிலேயே நிகழ்ந்த இரு முயற்சிகள் வரலாற்றாய்வாளர் கவனத்திற்குரியவை. முதலாவது, இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துச் சூணாம்பேட்டைச் சுற்றியுள்ள 42 சிற்றூர்களில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 2006இல் தொடங்கிய ஊரக நீரிழிவுத் தடுப்புத் திட்டம். செயற்கைக்கோள் இணைப்புடைய ஊர்தி ஊர் ஊராகச் சென்றது. 23,000க்கும் மேற்பட்ட வயதுவந்தோர் பரிசோதிக்கப்பட்டனர். நோயுற்றோரின் சராசரிச் சர்க்கரை அளவு (எச்பிஏ1சி) ஓராண்டில் 9.3இலிருந்து 8.5 ஆகக் குறைந்தது. ஊரகத்தில் நீரிழிவு இல்லை என்ற நம்பிக்கையை இத்திட்டம் அசைத்தது.

இரண்டாவது, மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர் மூன்றாண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரில் 55.0 விழுக்காட்டினர் நீரிழிவு எய்தினர். உணவையும் உடலியக்கத்தையும் சீர்படுத்தியோரில் அது 39.3 விழுக்காடாகவே இருந்தது. இதில் வியப்புக்குரியது, இப்பயன் குறிப்பிடத்தக்க எடைக்குறைவு இன்றியே கிடைத்தது என்பதாகும். எடைக்கருவியின் முள் அசையாவிடினும் உடலுக்குள் மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. எடை குறையவில்லை என்று மனம் தளர்ந்து நடையையும் கீரையையும் கைவிடுவோர்க்கு இம்முடிவு எடுத்துச் சொல்லப்படவேண்டும். மிகை எடையினர் எடையைக் குறைப்பதால் நன்மையில்லை என இதற்குப் பொருளன்று. சென்னையில் மிகை எடையுள்ள 578 பேரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான டி-கிளிப் ஆய்வு ஏழு விழுக்காட்டு எடைக்குறைப்பை இலக்காக வைத்தே நோயின் வரவை 32 விழுக்காடு தடுத்தது. அதில் தேவைப்பட்டோர்க்குப் படிப்படியாக மருந்தும் தரப்பட்டது.

2006ஆம் ஆண்டு ஆய்வின் நடைமுறையில் ஒரு சிறு விதி உண்டு. கட்டுரையாளர்க்கு அதுவே பெரிதாகப் படுகிறது. நாள்தோறும் அரைமணிக்கு மேல் ஏற்கெனவே நடப்பவர், மிதிவண்டி ஓட்டுபவர், உடல் வருந்தி உழைப்பவர் ஆகியோரிடம் புதிதாக நடைப்பயிற்சி கேட்கப்படவில்லை. செய்வதைத் தொடருமாறு மட்டுமே கூறப்பட்டது. அதாவது அறிவுரைக்கு முன் அம்மனிதரின் அன்றாட வேலை விசாரிக்கப்பட்டது. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை வகுத்து 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கியது. அப்பாதையில் காலையில் நடப்பவர் அலுவலரா, இரவுப்பணி முடித்து நின்றபடியே எட்டு மணிநேரம் கழித்த தொழிலாளியா, வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்ணா என்பதைப் பதிவுசெய்யும் கள ஆய்வுகள் செங்கல்பட்டிலிருந்தே தொடங்கலாம். தோட்டத்தை ஆண்டவர்க்குரிய தகுதியை மட்டும் பொறித்த உத்திரமேரூர்க் கல்லில் விடுபட்ட குறிப்பு அவ்வகைப்பட்டதே.