ஆடினால் பொன், எழுதினால்?

கலைமகளை வணங்கியே நம் அரங்குகளில் திரை விலகுகிறது. சொல்லுக்குத் தெய்வமே பெண் எனக் கொண்ட மரபில், நாடகாசிரியர் வரிசையைச் சொல்லும்போது மட்டும் பெண் பெயர் நாவில் எழுவதில்லை. இதற்குக் காரணம் எழுத்தாற்றல் குறைவன்று. அரங்கு அவர்கள் கையில் இல்லாமையே என்பது என் துணிபு.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பார்ப்போம். ஏழுகோல் அகலம், எண்கோல் நீளம், ஒருகோல் உயரம் என அரங்கின் அளவைக்கூட இளங்கோவடிகள் விட்டுவைக்கவில்லை. ஆடலாசான், இசையாசிரியன், கவி புனையும் புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவர் இலக்கணமும் விரிகிறது, அறுவரும் ஆடவர். ஏழாண்டு பயின்று ஆடிய மாதவிக்குத் தலைக்கோலும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் கிடைத்தன. அவளே கானல்வரியில் யாழை வாங்கித் தன் குறிப்புத் தோன்றப் பாடியபோது கிடைத்தவை கோவலனின் ஐயமும் பிரிவுமே. காப்பியம் புனைவாயிற்றே, அது சான்றாகுமா எனக் கேட்கலாம். மாதவி வாழ்ந்தாள் என்பதற்குச் சான்றாகாமல் போகலாம். அரங்கில் எழுதுபவர் யார், ஆடுபவர் யார் என்று அக்காலம் எதை இயல்பாகக் கொண்டது என்பதற்கு அதைவிடத் தெளிந்த சான்று வேண்டா.

அண்மைக் காலத்துக்கு வருவோம். வை.மு. கோதைநாயகி அம்மாளை நாவலாசிரியராகவே போற்றுகிறோம். ஆனால் 1924இல் வெளிவந்த அவருடைய முதல் நூல் ‘இந்திரமோகனா’ ஒரு நாடகம். எழுதிப் பழக்கமில்லாத அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக் கொடுத்தார். பின்னர் அம்மையாரே நாவலை நாடிவிட்டார், அரங்கைக் குறை சொல்வானேன் என்பர் சிலர். நாவலுக்கு அச்சகமும், 1925 முதல் அவர் பொறுப்பில் நடந்த ‘ஜகன்மோகினி’ இதழும் போதுமாயின. நாடகத்துக்கோ கம்பெனி வேண்டும், ஒத்திகை வேண்டும், ஊர் ஊராகப் போக வேண்டும். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையில் பெண் வேடத்தையும் ஆடவரே பூண்டனர். கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே கம்பெனி நடத்தினார் என்பது பெருமைக்குரியதே. அங்கும் ஊர் வியந்தது நடிப்பைத்தான். நல்ல நாடகமாயின் தானே மேடையேறும் என்பதும் பொருந்தாது. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் எழுத்து, சிறுவர்கள் நடித்த பாய்ஸ் கம்பெனிகளோடு கூடவே வளர்ந்தது. மேடை கண்ட பிறகே நாடகம் செம்மையாகும்.

அம்பை போன்றோர் நாடகம் எழுதியும், அவர்களைச் சிறுகதையாசிரியர்களாக மட்டுமே பலர் அறிவது இன்றைய நிலை. இம்மலரைப் படிக்கும் நாடக சபையினரே, பெண் எழுதிய நாடகம் ஒன்றையேனும் ஆண்டுதோறும் மேடையேற்றுங்கள்; அழைப்பிதழில் அவர் பெயரை நடிகர் பெயருக்கு முன்னே அச்சிடுங்கள். கலைமகளுக்கு நாம் செய்யும் வழிபாடு அதுவே.