மாலாவும் சாயாவும்: காவல் தொடங்கும் நாள்

செஞ்சிப் பக்கம் குடும்பக் கட்டுப்பாடு என்றால் இன்றும் ஆபரேஷன்தான் முதலில் பேச்சில் வரும். தமிழ்நாடு முழுக்க அதே கதைதான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆனால் முதல் பிள்ளைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி வேண்டும் என்கிற இளம்பெண்ணுக்கு ஆபரேஷன் பதிலாகாது. அவளுக்காக அரசு இலவசமாகத் தரும் மாத்திரைகள் இரண்டு: மாலா-என், சாயா. போடத் தொடங்கினால் எந்த நாளிலிருந்து நம்பலாம் என்ற கேள்விக்கு இரண்டும் ஒரே பதிலைத் தருவதில்லை. அட்டையைக் கையில் கொடுக்கும்போதே சொல்லியாக வேண்டிய செய்தி இது.

மாலா-என் அட்டையில் 28 மாத்திரை. 21 ஹார்மோன், மீதி 7 இரும்புச்சத்து. கருமுட்டை வெளிவராமல் தடுப்பதுதான் இதன் முக்கிய வேலை. மாதவிலக்கு தொடங்கிய 5 நாளுக்குள் முதல் மாத்திரையைப் போட்டால் அன்றைக்கே காவல் உண்டு. அந்த மாதத்து முட்டை அப்போது முதிர்ந்திருக்காது. கர்ப்பமில்லை என்று உறுதி செய்துகொண்டு வேறொரு நாளில் தொடங்கினால், சினைப்பையை அடக்கத் தொடர்ந்து 7 நாள் மாத்திரை உள்ளே போக வேண்டும். அதுவரை ஆணுறை கட்டாயம். ஒரு நாள் மறந்தால் நினைவு வந்ததும் போட்டுவிடலாம். இரண்டோ அதற்கு மேலோ தவறினால் மறுபடி அதே 7 நாள் கணக்கு. உண்மையில் பயப்பட வேண்டிய இடம் அட்டையின் முடிவுதான். இரும்புச்சத்து மாத்திரை தீர்ந்த மறுநாளே புது அட்டை தொடங்க வேண்டும். 'நாளைக்கு வாங்கிக்கலாம்' என்று இரண்டு நாள் தள்ளினால், ஹார்மோன் இல்லாத இடைவெளி நீண்டு சினைப்பை விழித்துக்கொள்ளும்.

சாயா ஹார்மோன் மாத்திரை அல்ல. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த சென்ட்குரோமான், 1991-ல் சஹேலி என்ற பெயரில் கடைக்கு வந்தது. சாயா என்ற பெயரில் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது பின்னால்தான். இது முட்டை வெளிவருவதைத் தடுக்காது. கரு கருப்பையில் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். மாதவிலக்கின் முதல் நாளே முதல் மாத்திரை. அது வெள்ளிக்கிழமையானால் அடுத்தது திங்கள். 3 மாதம் இப்படி வாரம் இரண்டு. 4-வது மாதத்திலிருந்து வெள்ளி மட்டும். செஞ்சியில் வெள்ளி வாரச்சந்தை நாள். விடியுமுன்பே ஆட்டு வண்டிகள் வந்து நிற்கிற ஊரில் அந்தக் கிழமை எளிதில் மறக்காது. ஆனால் கிழமையைத் தேர்வது நம் கையில் இல்லை, உடம்பின் கையில் இருக்கிறது. மாதவிலக்கு வியாழனில் வந்தால் வியாழனும் ஞாயிறும்தான். மாலாவைப்போல 'ஏழு நாள்' என்று விரல்விட்டுச் சொல்லும் கணக்கு இதற்குக் கிடையாது. மருந்து உடம்பில் மெல்லச் சேர்ந்து நிலைக்கிறது. முதல் 3 மாதம் அஸ்திவாரம் மாதிரி. ஓரிரு நாள் தவறினால் உடனே போட்டு, அடுத்த மாதவிலக்கு வரை ஆணுறை. 7 நாளுக்கு மேல் விட்டால் முதலிலிருந்து வாரம் இரண்டு. சிலருக்கு நாள் தள்ளிப்போவதும் உண்டு. 15 நாளுக்கு மேல் தள்ளினால் பரிசோதித்துப் பார்க்க வேண்டும்.

உடனடிக் காவலில் மாலாவே மேல் என்பேன். ஆனால் தாய்ப்பால் கொடுப்பவளுக்குக் குழந்தை 6 மாதம் ஆகும்வரை அது கூடாது, சாயா ஆகும். ரத்தக்கொதிப்பு உள்ளவருக்கு மாலா வேண்டாம். அண்மையில் மஞ்சள்காமாலை வந்து போனவரும் சினைப்பை நீர்க்கட்டி உள்ளவரும் சாயாவைத் தவிர்க்க வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாலாவின் பலத்தைக் குறைக்கும் என்பதால், வேறு மருந்து எடுப்பவர் அதை நர்ஸம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எந்த மாத்திரையானாலும், காவல் விட்டுப்போகும் அந்த நாள்களில் பொறுப்பு புருஷனுடையது. ஆணுறையும் அரசு இலவசமாகத்தான் தருகிறது. மாத்திரை வாங்கிப் போகிறவள் பையில் அதையும் கேட்காமலே போட்டு அனுப்ப வேண்டும். ஆணுறை என்றைக்கு வரைக்கும் என்று அட்டையின் முதுகிலேயே தேதி எழுதிக் கொடுக்க வேண்டும்.