வாசற்படி

திருச்சபைக்குள் சாதி எங்கே இருக்கிறது என்று கேட்டால் தனிக் கல்லறையைக் காட்டுவோம், கோயிலுக்குள் போட்ட தடுப்பைக் காட்டுவோம். சாமியார் யார் வீட்டு வாசற்படியை மிதித்தார், யார் வீட்டை மிதிக்கவில்லை என்ற கணக்கை மட்டும் யாரும் எழுதி வைப்பதில்லை. சாதியை அளக்க எனக்கு அந்தக் கணக்குதான் வேண்டும்.

மதுரையிலிருந்த ராபர்ட் தெ நொபிலி 1623-இல் சேந்தமங்கலம் வழியாகச் சேலத்துக்கு வந்தார். சேர்வராயன் மலையடிவாரத்தில் வேதம் நுழைந்த கதை அங்கிருந்து தொடங்குகிறது. அவர் போட்டது சந்நியாசிக் கோலம். மேல்சாதியாரைச் சேர்க்கப் போட்ட கோலம் அது. அதோடு சேரிக்குள் பகிரங்கமாகப் போக முடியாது. 1640-இல் பல்தசார் தா கோஸ்தா பண்டாரசாமியாக வேடம் பூண்டார். பண்டாரசாமிகள் எல்லாச் சாதியாரிடமும் போகலாம். நம்ம சனம் நிறையப்பேர் அவர்கள் கையால்தான் ஞானஸ்நானம் வாங்கியது. அதை மறுக்கவில்லை. ஆனால் வேதம் ஒன்று, சாமியார் ரெண்டு வகை என்று ஆகிப்போச்சு.

1704-இல் பாண்டிச்சேரியில் போப்பின் தூதர் தூர்னோன் ஒரு ஆணை போட்டார். நோயில் கிடக்கும் பறையரின் வீட்டுக்குள் போய் அவஸ்தைப்பூசுதல் கொடுக்கக் குருக்கள் மறுக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. சாகக் கிடக்கிறவனைப் பார்க்கப் போங்கள் என்று சொல்ல ரோமாபுரியிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது! உள்ளே போனால் மேல்சாதியார் வேதத்தை விட்டுவிடுவார்கள் என்பது சேசு சபையாரின் வாதம். நாற்பது வருஷம் இழுத்தது வழக்கு. 1744-இல் போப் பதினான்காம் பெனடிக்ட் தீர்ப்பைச் சொன்னார். கூடவே, பறையருக்கென்று தனிக் குருக்களை வைக்கிறோம் என்ற சேசு சபையாரின் யோசனையையும் ஏற்றுக்கொண்டார். டீக்கடையில் தனி டம்ளர் வந்தது பிற்பாடு. தனிச் சாமியார் அதற்கு முந்தியே வந்தாச்சு.

மலைமேலே 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்தார். தோட்டங்கள் வந்தன, லைன் வீடுகள் வந்தன. ஏற்காட்டுத் தோட்டமொன்றில் சங்க வேலையாகப் போனபோது காப்பிப்பழம் பறிக்கும் ஒரு கிழவி என்னிடம் சொன்னது:

“சாமி நல்லவருதாங்க. வாசல்ல நின்னு மந்திரிச்சுட்டுப் போவாரு. உள்ள வந்து ஒரு வாய்த் தண்ணி குடிச்சதில்லீங்க.”

1704-இன் ஆணை நிறைவேறாத இடம் அந்த வாசல்தான். வீடு சந்திப்பது மேய்ப்பனின் கடமை என்று குருமடங்களில் பாடம் நடக்கிறது. ஆசீர்வாதம் கொடுப்பது மட்டும் சந்திப்பாகாது. எங்கள் பாயில் உட்கார்ந்து, எங்கள் சொம்பில் தண்ணி வாங்கிக் குடிக்க வேண்டும். பங்குக்கு ஒரு நோட்டுப் போட்டு, எந்தத் தெருவில் எத்தனை வீட்டுக்குள் சாமியார் உட்கார்ந்தார் என்று எழுதட்டும். வருஷக் கடைசியில் அதைச் சபை நடுவே வாசிக்கட்டும்.