ஜெஜு தீவுப் பாட்டிகள்

மூட்டுவலிக்காரப் பெண்களைத் தண்ணீருக்குள் நடக்கச் சொல்லி இங்கே புனே டாக்டர்கள் அறிவுரை சொல்லும்போதெல்லாம் எனக்குத் தென்கொரியாவின் ஜெஜு தீவு ஞாபகம் வரும்.

அங்கே ஹேன்யோ எனப்படும் பெண்கள், ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கி 10 மீட்டர் ஆழம்கூட மூழ்கிக் கடல் நத்தையும் பாசியும் எடுக்கிறார்கள். பலருக்கு வயசு 70க்கு மேல்!

1970கள் வரை பருத்தி உடைதான். குளிரே அவர்களைச் சீக்கிரம் கரையேற்றிவிடும். ரப்பர் உடை வந்ததும் மணிக்கணக்கில் மூழ்கினார்கள். வருமானம் கூடியது, தலைவலி மாத்திரையும் கூடவே வந்தது.

1960களில் 20 ஆயிரத்துக்கும் மேல் இருந்தவர்கள், 2016ல் யுனெஸ்கோ அங்கீகரித்தபோது ஐயாயிரத்துக்கும் கீழே. இந்தக் கஷ்டம் தங்களோடு போகட்டும் என்று பலர் மகள்களைப் படிக்க வைத்துவிட்டார்கள்.

பாட்டிகளின் உடல்வலுவை வியக்கலாம், தப்பில்லை. ஆனால் அவர்களுக்கு அது உடற்பயிற்சி இல்லீங்க, பிழைப்பு.